முன்னால் எத்தனை சாண்

அக்டோபர் 6, திங்கள்

வாலு, இன்றைக்கு உன் வண்டியைக் கொண்டுபோய் கேட் தூணில் இடித்துவிட்டேன்.

பதறாதே. எனக்கு ஒன்றும் இல்லை. தூணுக்கும் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு கல்லுளிமங்கன் மாதிரி நிற்கிறது. வண்டிக்குத்தான் அடி. முன் பம்பரில் சட்டைப் பித்தான் போல வரிசையாக நாலு வட்டம் இருக்குமே, சென்சார், அதில் ஓரத்துப் பித்தான் ஒன்று உள்ளே அமுங்கிவிட்டது. விரலால் தொட்டால் விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது.

தங்கச்சி, நீ கண்ணை மூடி நாலு மாதம். இன்றுதான் சாவியைத் தொட்டேன். பத்தடி ஓட்டியிருப்பேன்.

ஏன் எடுத்தேன் என்றால், கம்பெனியில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்கள். நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து சலவைக் கம்பெனி மொத்தமும் ஊருக்கு வெளியே, பைபாஸ் தாண்டிப் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "வர முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாக்கணும்" என்று சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் போகிற விரிப்புகளில் கிழிசல் தைக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஆனாலும் என்னைத்தான் பார்த்தாள்.

வேலை இருந்தால்தான் இந்த வீடு. வண்டி ஓடினால்தான் வேலை. இவ்வளவுதான் கணக்கு.

உன் ஆபீஸ் டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

தம்பியிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எதுக்கு அக்கா உனக்கு இந்த வேண்டாத வேலை? வயசு அம்பத்தஞ்சு ஆகுது. வண்டியை வித்துடலாம். வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு. நான் ஒண்ணாம் தேதி வந்து வண்டியை எடுத்துட்டுப் போறேன்" என்றான். பின்னாலிருந்து அவன் பொண்டாட்டி, "அண்ணி வந்தா எனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றாள்.

கெட்டவர்கள் இல்லை. அந்தச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற அறை தெரியுமல்லவா உனக்கு? சைக்கிளும் பழைய மெத்தையும் கிடக்கிற அறை. அதில் என்னைக் கொண்டுபோய் வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் வேண்டாம் எனக்கு.

"பாக்கலாம்டா" என்றேன். பாக்கலாம் என்றால் சரி என்று எடுத்துக்கொண்டான். ஒண்ணாம் தேதி வருகிறான்.

அக்டோபர் 9, வியாழன்

வேலை முடிந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன், நடந்துதான். போட்டோ எடுத்துக் காட்டினேன். பம்பரை வயரோடு மொத்தமாக மாற்ற வேண்டுமாம். சாமான் வர மூன்று வாரம், அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு வாரம்.

"மூணாம் தேதிக்குள்ள வேணும்" என்றேன்.

"சென்சார் இல்லாமலே ஓட்டுங்கம்மா. எங்க அப்பா காலத்துல என்ன சென்சார் இருந்துச்சு?" என்றான் மெக்கானிக்.

அவன் அப்பாவுக்கு வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லையே. பதினோரு வருஷம், பழைய வண்டியிலும் இதிலுமாக, உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு முழம் இருக்கு... ஒரு முழம்... ஒரு சாண், போதும் நிறுத்து" என்று அளந்து சொன்னவள் நான். ஒரு நாள் தப்பியதில்லை. ஓட்டுகிற சீட்டுக்கு மாறி உட்கார்ந்ததும் அந்த அளவெல்லாம் ஓடிப்போய்விட்டது. துணியைத் திருப்பிப் போட்டால் இடது வலது மாறுகிற மாதிரி.

லைசென்ஸ் இருக்கிறது. உன் கண் ஆபரேஷனுக்காக எடுக்கவைத்தாய். "ஒருத்தி கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தா இன்னொருத்திதானே ஓட்டணும்" என்றாய். மொத்தம் மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் கட்டுப் போட்ட கண்ணோடு நீதான் பக்கத்தில் இருந்து வழி சொன்னாய்.

அக்டோபர் 12, ஞாயிறு

தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஊர்ந்து ஊர்ந்து புதுக் கட்டடம் வரை போய்வந்தேன். போய்விட்டேன் வாலு! ரோட்டில் ஓட்டுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. நிறுத்துவதில்தான் இருக்கிறது வினை.

அங்கே கார் நிறுத்த ஒரே ஒரு இடம்தான், பின்சுவரை ஒட்டி. வண்டி மூக்கைச் சுவருக்கு இரண்டு சாண் நெருக்கமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் துணி லாரி திரும்ப முடியாது. வாட்ச்மேன் கையைக் காட்டி, "வாங்க, வாங்க, வாங்க" என்றார். நான் போனேன், போனேன், நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்தால் சுவர் எங்கேயோ இருக்கிறது.

"ஏம்மா, நடுவுல லாரியையே நிறுத்திக்கலாம் போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இப்படி நிறுத்தினா உள்ள விட மாட்டாங்கம்மா. நான் தினமும் கை காட்ட முடியாது, காலையில கேட்டை விட்டு நகர முடியாது."

இன்னொரு தடவை பார்த்தேன். கால் தவறி ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன். சுவருக்கு நாலு விரல் முன்னால் நின்றது. வாட்ச்மேன் ஓடியேவிட்டார்.

அந்தப் பித்தான்கள் வேலை செய்தாக வேண்டும். எனக்கு யாராவது சொல்ல வேண்டும், எத்தனை சாண் இருக்கிறது என்று.

அக்டோபர் 13, திங்கள்

இன்றைக்கு சீட்டை முன்னால் இழுத்தேன். இத்தனை நாளும் முதுகுக்குத் தலையணை வைத்துத்தான் உட்கார்ந்தேன், நீ வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று. பிரேக் எட்டவில்லை. வேறு வழியில்லை.

சீட்டுக்கு அடியில் எத்தனை பல் நகர்ந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டேன். ஆறு.

அக்டோபர் 16, வியாழன்

பழைய சாமான் விற்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தக் கண்ணாடியையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். நெற்றிக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஒரு டப்பா நிறையப் பித்தான்கள். நம் டெய்லர் கடையில் பித்தான் தேடுகிற மாதிரி அரை மணி நேரம் துழாவி, அதே நம்பர் போட்டதை எடுத்தார். கறுப்பு.

"எங்க வண்டி சாம்பல் நீலம்" என்றேன்.

"சென்சார் வாங்க வந்தீங்களா, ரவிக்கைக்கு மேட்சிங் பாக்க வந்தீங்களா?" என்றார்.

மாட்டுவது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தார். சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து கையை விட வேண்டும். பழையதன் காதை இரண்டு பக்கமும் நெரித்தால் வெளியே வந்துவிடும். அதன் வாலில் உள்ள வயரைப் பிடுங்கிப் புதியதில் செருக வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சார் சுவிட்சைப் போட்டு, பித்தான் மேல் விரலை வைக்க வேண்டும். உயிர் இருந்தால் டிக் டிக் என்று விரலில் தட்டுமாம். "நாடி புடிச்சுப் பாக்கற மாதிரி" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் தேடினேன்.

அக்டோபர் 18, சனி

ஒரு சட்டையில் மூன்று பித்தான் நீலம், ஒன்று கறுப்பு என்றால் என் கை சும்மா இருக்குமா? விரிப்பில் நான் போட்ட ஒட்டுத்தையலை இந்த முப்பது வருஷத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. தைத்தது தெரியாமல் தைப்பதுதானே வேலை. நீ வாங்கிவைத்த கீறல் மறைக்கிற பெயின்ட் குப்பி டேஷ்போர்டில் இருந்தது. ஒரு பூச்சு அடித்துக் காயவைத்தேன். கறுப்பு தெரிந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஐந்து பூச்சு. மேலே பளபளப்புக்கு உன் நகப்பூச்சு, நிறமில்லாதது.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வண்டியோடு பிறந்த மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

மாட்டிவிட்டேன்! காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை தரையில் கிடந்தேன். எதிர்வீட்டு அம்மா பால்கனியிலிருந்து, "என்னங்க, வண்டி உங்க மேல ஏறிடுச்சா?" என்று கத்தினாள்.

"இல்லைங்க, நான்தான் அதுக்குள்ள ஏறப் பாக்கறேன்" என்றேன்.

"ஒரு ஆளைக் கூப்பிடக் கூடாதா?"

"அந்த ஆளுதாங்க நான்."

நாலு மாதத்தில் முதன்முதலாக ஒருத்தருக்குப் பதிலுக்குப் பதில் பேசினேன். எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது.

பிறகு சாவியைத் திருப்பினேன். சுவிட்சைப் போட்டேன். விரலை வைத்தேன்.

ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. நாலு பித்தானும் ஊமை.

அக்டோபர் 20, திங்கள்

இரண்டு வருஷமாக நாலும் ஊமைதானே, அதை மறந்துவிட்டேன் பார். வண்டி வாங்கின முதல் மாதம் மட்டும்தான் கத்தியது. பிறகு ஒரு நாள் நின்றுவிட்டது. "கெட்டுப்போச்சு அக்கா. செகண்ட் ஹேண்ட் வண்டின்னா இப்படித்தான். இனிமே நீதான் எனக்கு சென்சார், சொல்லு" என்றாய்.

எனக்கு உள்ளுக்குள் மனசு குளிர்ந்துபோயிற்று. இப்போது சொல்கிறேன். அன்றைக்கு வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நெற்றிக்கண்ணாடி சொன்னார்: "நாலும் ஒரே நாள்ல சாகாதும்மா. ஒரு வீட்டுல நாலு பேருக்கும் ஒரே நாள்ல வயித்துப்போக்குன்னா, ஆளைப் பாக்கக் கூடாது, தண்ணியைப் பாக்கணும். வயரைப் புடிச்சுக்கிட்டே போங்க. எங்கயோ ஒரு இடத்துல நாலும் ஒண்ணாச் சேரும். அங்கதான் கோளாறு."

ஒண்ணாம் தேதிக்குப் பதினோரு நாள்.

அக்டோபர் 22, புதன்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து உன் நம்பருக்கு போன். அந்த நம்பரை நான் இன்னும் நிறுத்தவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வருஷாவருஷம் வரச் சொன்னார்களே, அந்த செக்கப். "அவ வர மாட்டா" என்றேன்.

"அப்போ வேற நாள் குடுக்கட்டுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சரி என்றேன். நவம்பர் இருபது, காலை பத்தரை என்று குறித்துக்கொடுத்தாள். நானும் குறித்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. வண்டிக்கு அடியில் போக முடியவில்லை. தம்பி போன் செய்து, வருவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். போக டிக்கெட் எடுக்கவில்லை, வண்டியிலேயே போய்விடுவானாம்.

அக்டோபர் 25, சனி

கிடைத்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்தேன். தடுப்பின் திருகாணி மூன்றையும் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டேன். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, கைதான் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் கையை விட்டுத் தையல் பிரிந்த இடத்தைத் தேடுவது போலத்தான். நாலு பித்தானின் வயரும் பம்பருக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரே கட்டாகப் போகிறது. பிடித்துக்கொண்டே போனேன். ஒரு முழம் போனதும் வயர் முடிந்துவிட்டது.

அறுந்துபோகவில்லை. எலியும் கடிக்கவில்லை. நுனியில் பிளக். அதனுடைய ஜோடி ஒரு சாண் தள்ளித் தனியாகத் தொங்கியது. இரண்டையும் யாரோ கையால் பிரித்திருக்கிறார்கள். பிரித்து, தண்ணீர் போகாமல் இரண்டின் வாயிலும் பிளாஸ்டிக் பை சுற்றி, நூலால் கட்டியிருக்கிறார்கள்.

டார்ச் அடித்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். என் நூல். கம்பெனியிலிருந்து நான் கொண்டுவருகிற தடித்த வெள்ளை நூல். முடிச்சு, ரிப்பன் முடிச்சு. இரண்டு பக்கமும் காது வைத்தது.

அதைத் தவிர உனக்கு வேறு முடிச்சு வராது. அம்மா போனபோது நீ கைக்குழந்தை. உனக்குச் சடை வந்த நாளிலிருந்து நான் கட்டிவிட்ட ரிப்பனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். குப்பைப் பையைக்கூட அப்படித்தான் கட்டுவாய்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா இறங்கி வந்து குனிந்து பார்த்து, "உயிரோடதான் இருக்கீங்களா?" என்றாள். கையை மட்டும் ஆட்டினேன். போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பொய் சொன்னியாடி? ரெண்டு வருஷம். எங்கிட்ட.

நான் என்ன குழந்தையா? சோறு ஊட்டறதுக்கு நிலா காட்டற மாதிரி என்னை ஏமாத்தினியா?

— மத்தியானம்.

யோசித்துப் பார்த்தேன். அந்த முதல் மாதம் அது கத்திக்கொண்டே இருந்தபோது, நான் வண்டியில் வாயைத் திறக்கவில்லை. "அதான் அது சொல்லுதே, நான் எதுக்கு" என்று ஒரு நாள் சொன்னேன். அப்புறம் உன்னோடு வருவதையே நிறுத்திக்கொண்டேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் தலைவலி என்றேன், துணி ஊறுகிறது என்றேன். கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றிவர, எல்லாவற்றுக்கும் தனியாகப் போனாய். பிறகுதான் அது கெட்டுப்போனது.

என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தானா? இல்லை, உனக்கே அந்தச் சத்தம் பிடிக்கவில்லையா? கண் ஆபரேஷன் ஆனவள். நல்லா இருக்கிற சென்சாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, நாலாவது படித்தவள் சொன்ன சாணையும் முழத்தையும் நம்பி நடு ரோட்டில் ஓட்டியிருக்கிறாயே, உனக்குப் பயமாக இல்லையா?

எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

முடிச்சை அவிழ்த்தேன். மனசே இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. ரிப்பன் முடிச்சு ஒரு இழுப்புக்குத்தான் தாங்கும். என்றைக்காவது திரும்ப மாட்டலாம் என்றுதான் கட்டியிருக்கிறாய்.

பிளக்கை ஊதித் துடைத்து ஜோடி சேர்த்தேன். கிளிக் என்றது. சாவியைத் திருப்பினேன். வண்டியோடு வந்த மூன்று பித்தானிலும் விரலில் தட்டியது. எறும்பு நகத்தால் கதவு தட்டுகிற மாதிரி, அவ்வளவு சின்ன தட்டல். விரலை எடுக்கவே தோன்றவில்லை.

நாலாவது, நான் மாட்டின பித்தான் இருக்கிறதே, அது ஓலமிடுகிறது. முன்னால் ஆள் இல்லை, சுவர் இல்லை, கேட் திறந்து கிடக்கிறது. விடாமல் பீ... என்று கத்துகிறது, ஒட்டிக்கொண்டு ஏதோ நிற்கிற மாதிரி.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. தெரிந்தும் போய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

பித்தானைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நெற்றிக்கண்ணாடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு பெயின்ட் அடிச்சது?"

"நான்தான்."

"அழகா இருக்கு."

"ஆமாங்க."

"அதான் கெட்டுது. எத்தனை கோட்டு?"

"அஞ்சு. மேல நகப்பூச்சு."

தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா, இது தன் தோலைத் துடிக்கவெச்சு சத்தம் விடும், அந்தச் சத்தம் முன்னாடி இருக்கறதுல பட்டுத் திரும்பி வர்றதை அதே தோலால கேக்கும். நீங்க அதுக்கு அஞ்சு கம்பளி போத்தி விட்டிருக்கீங்க. அதுக்குத் தன் சத்தமே தனக்குக் கேக்குது. அதான் பக்கத்துல யாரோ நிக்கறாங்கன்னு கத்துது."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை பித்தானை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தி படக் கூடாதாம். துணியில் துளி தின்னர் தொட்டு இளக்கிவிட்டு, நகத்தாலேயே சுரண்ட வேண்டுமாம். "கறுப்பா இருந்தா என்னம்மா, அது வேலையை அது பாக்கும்" என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

மூன்று நாளாகச் சுரண்டல். நகம் எல்லாம் நீலம். கிழிசல் மேசையில் விரிப்பில் நீலம் ஒட்டிவிடுமோ என்று பயந்து விரலுக்கு உறை போட்டுக்கொண்டு தைத்தேன். "என்ன, நகத்துக்கு புது ஃபேஷனா?" என்றாள் சூப்பர்வைசர். "மூணாம் தேதி வர்றீங்களா இல்லையா? நாளைக்கு லிஸ்ட் குடுக்கணும்."

"எழுதிக்குங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு ஊசி விரலில் ஏறியது.

அக்டோபர் 31, வெள்ளி

நாலும் தட்டுகிறது.

நவம்பர் 1, சனி

தம்பி பத்து மணிக்கு வந்தான். வந்ததும் உன் போட்டோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவி எங்கக்கா?" என்றான்.

"முதல்ல ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம், ஏறு" என்றேன்.

ஓட்டுகிற பக்கம் போனான். "இந்தப் பக்கம் நான்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

வழியெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தான். "மெதுவா... அக்கா, லாரி... அக்கா!" நான் ரோட்டைத்தான் பார்த்தேன். பேசினால் கவனம் சிதறும். புதுக் கட்டடத்து வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார், ரொம்பவே தள்ளி.

சுவரைப் பார்த்துப் போனேன். பீப். பீப். பீப் பீப் பீப். அது அவசரப்பட அவசரப்பட நான் காலை இலேசாக்கினேன். ஒரே நீட்டாக பீ... என்றதும் நிறுத்தினேன்.

தம்பி இறங்கிப் போய்க் குனிந்து, கையை விரித்து வைத்து அளந்தான். ஒன்றரை சாண். திரும்ப அளந்தான். அவனும் சின்ன வயசில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன்தானே.

"யார் ரிப்பேர் பண்ணது?"

"நான்தான்."

"நீயா?" பம்பரைத் தடவிப் பார்த்தான். "ஒரு பட்டன் மட்டும் கறுப்பா இருக்கே. உனக்குக் கண்ணை உறுத்தலையா? ஏதாவது அடிச்சு மறைச்சிருக்கலாம்ல?"

"உறுத்தத்தான் செய்யுது. இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பிளக் பிரித்துக் கட்டியிருந்ததை அவனிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான்: "அந்த ரூமுக்கு பெயின்ட் அடிச்சிட்டேன் அக்கா. சைக்கிளை எல்லாம் வெளிய போட்டாச்சு. உனக்குன்னு உள்பக்கம் தாழ்ப்பாள்கூட வெச்சேன்."

அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். அவனைப் பற்றி நான் என்னவெல்லாமோ எழுதிவைத்திருக்கிறேன் இதில்.

"லீவு போட்டுட்டு வர்றேன்டா. பத்து நாள் இருக்கேன்" என்றேன்.

"வண்டியிலயா வருவே?"

"பின்னே?"

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். நிறுத்தம் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

போனேன். நிறுத்தினேன். தைத்தேன். வந்தேன். முதல் நாள் எண்பத்தேழு விரிப்பு.

நவம்பர் 8, சனி

வேலை, வீடு. இன்றைக்கு யாரோடும் பேசவில்லை. வண்டி பேசியது, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை.

நவம்பர் 14, வெள்ளி

பிரஸ் மெஷினில் நிற்கிறவள் ஒருத்தி, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. புருஷன் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டதாம். நேற்றிலிருந்து என்னோடு வருகிறாள். வாய் ஓயாது. மாமியாரில் ஆரம்பித்து, பிள்ளைக்குப் பேன் வந்ததுவரை எல்லாம் சொல்லிவிட்டாள். ரோட்டைப் பார்க்கவே மாட்டாள். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள்.

இன்றைக்குச் சுவருக்குப் பக்கத்தில் போய், பீப் பீப் என்று அது அவசரப்படும்போது கலகலவென்று சிரித்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லைக்கா. வண்டி நிறுத்தும்போது நீங்க நாக்கைத் துருத்திக் கடிச்சுக்கறீங்க, சின்னப் புள்ளை கணக்குப் போடற மாதிரி. நேத்தும் பாத்தேன். உங்க தங்கச்சிதானே முன்னாடி ஓட்டுவாங்கன்னு சொன்னீங்க, அவங்களும் இப்படித்தான் கடிச்சுப்பாங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை.

இறங்கிப் போய் மெஷினில் உட்கார்ந்தும் அதே நினைப்பு. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். மழையில், வெயிலில், ஆஸ்பத்திரி வாசலில், கடைத்தெரு நெரிசலில். உன் சாப்பிடுகிற முகம் தெரியும், தூங்குகிற முகம் தெரியும், பொய் சொல்கிற முகம்கூடத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வண்டியில் ஏறினால் மட்டும் எனக்கு எதிரே இருக்கிற சுவரும் தூணும்தான். ஒரு முழம், ஒரு சாண், நிறுத்து. ஒரு தடவைகூடத் திரும்பி உன்னைப் பார்க்கவில்லை.

வாலு, ஓட்டும்போது உன் முகம் எப்படி இருக்கும்?